பல்லைப் பிடிச்சுப் பார்த்தியா மாப்ள?

ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம்னு சுத்திச் சுத்தி உங்களுக்கே போரடிச்சிருக்கும். இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான ஊருக்குப் போவோமா? ஸ்வெட்டர் வேண்டாம். குடிக்கத் தண்ணி, தலைக்குத் துண்டு, அப்புறம்... ஒரு இன்ச் டேப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். அது எதுக்குன்னு கேட்கறீங்களா? ஏறுங்க, பஸ்ஸில் பேசிக்கலாம்!

போகிற ஊர், வீரசோழன். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, நரிக்குடி ஒன்றியம். பேர்லதான் சோழன், இருக்கறதென்னவோ அக்மார்க் பாண்டிய நாடு!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் தறிச் சத்தம் மெல்ல மெல்லப் பின்னாடி போயிடும். முதல்ல திருச்சுழி. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர். குண்டாற்றங்கரை ஊர்னு சொல்வாங்க. வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் ஓடறது தண்ணி இல்லை, காத்துதான்! அடுத்து நரிக்குடி. விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையில் இருக்கிற சின்ன ஸ்டேஷன். ரயில் பார்ட்டிகள் இங்கே இறங்கி பஸ் மாறணும்.

அதுக்கப்புறம் ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம், சீமைக் கருவேலம், மேலும் சீமைக் கருவேலம். நடுநடுவே கரிமூட்டம் புகையும். திடீர்னு ஒரு கண்மாய்க் கரை நீளமா வந்து, கூடவே ஓடி, காணாமப் போகும். இந்தப் பக்கத்துக் கணக்கு ரொம்ப சிம்பிள். மழை பெய்தால் கண்மாய் நிறையும், வெள்ளாமை வீடு வந்து சேரும். பெய்யாட்டி, விறகும் கரியும்தான் வருமானம்.

வீரசோழனில் இறங்கியதும் தவறாமப் பார்க்க வேண்டியது வாரச் சந்தை. ஆட்டுக்குப் பேர்போன சந்தை இது. பக்ரீத் நெருங்கினா கால் வைக்க இடம் இருக்காது. ஒரு அரை மணி நேரம் ஓரமா நின்னு வேடிக்கை பாருங்க. எந்த வியாபாரியும் ஆட்டோட அழகைப் பார்த்து ஏமாற மாட்டார். நேரா வாயைத் திறப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா? வயசு தெரிஞ்சுடும். முதுகெலும்பை அமுக்கிப் பார்ப்பார். காலைப் பார்ப்பார். அப்புறம்தான் விலைப் பேச்சே!

இந்த அரை மணி நேர வேடிக்கையை ஒழுங்காப் பார்த்திருந்தா, என் ஃப்ரெண்டுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

ரெண்டு கிடா வித்த காசு!

ஃப்ளாஷ்பேக். என் காலேஜ்மேட்டோட ஊர்தான் வீரசோழன். (பேர் போட்டா கொன்னுடுவான். 'மாப்ள'ன்னே வெச்சுக்குவோம்.) படிக்கிறது விஸ்காம். கடைசி வருஷ பிராஜெக்டுக்கு அவன் எடுத்துக்கிட்ட சப்ஜெக்ட், 'எங்க ஊர் கண்மாய்'. வெடிச்சுக் கிடக்கிற கண்மாய் 20 விநாடியில் நிறைஞ்சு அலையடிக்கணும். இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. அதனால பிளெண்டர்ங்கிற இலவச சாஃப்ட்வேரில் 3டி அனிமேஷனாவே செய்யறதா முடிவு.

பிளெண்டர் ஃப்ரீ. கம்ப்யூட்டர் ஃப்ரீ இல்லையே! மாப்ளயோட அத்தா ரெண்டு கிடாவை வித்துக் காசு கொடுத்தார். அதில் வாங்கினது, ஒரு பழைய ஆஃபீஸ் கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்பெனிகள் கழிச்சுப் போடற டெஸ்க்டாப்களைத் துடைச்சு, சரிபார்த்து, அடுக்கி வெச்சு விப்பாங்க. மாப்ளக்கு வாய்ச்சது டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020. 2013-ல் வந்த மாடல். உள்ளே ஐ5 பிராசஸர். வேர்டு, எக்செல்லுக்கு இன்னிக்கும் குதிரை மாதிரி ஓடும்.

ஆனா, 3டி? 20 விநாடி படத்துக்கு, விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம், மொத்தம் 480 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு மாப்ளயோட மெஷின் எடுத்துக்கிட்டது 15 நிமிஷம். பெருக்கிப் பாருங்க... 120 மணி நேரம்! அஞ்சு நாள் ராத்திரி பகலா ஓடணும். நடுவில் கரன்ட் போனால், பாதியில் நிக்கும்.

'கிராஃபிக்ஸ் கார்டு போட்டா பறக்கும்டா'னு ஆளாளுக்குக் கொளுத்திப் போட்டாங்க. மாப்ளயும் நானும் பஸ் ஏறி, ஒரு பெரிய ஊர்ல இருக்கற கடைக்குப் போனோம். பளபளன்னு ரெண்டு ஃபேன் வெச்ச கார்டு ஒண்ணு கண்ணைப் பறிச்சது. 'உங்க சிஸ்டத்துக்குச் செட்டாகுமா?'னு கடைக்காரரும் கேட்கலை, நாங்களும் யோசிக்கலை. வாங்கிட்டோம். மடியில் குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு வீரசோழன் வந்து சேர்ந்தோம்.

பெட்டியைத் திறந்தா... கார்டு மூடியை விட உயரமா நிக்குது! சரி, மூடி இல்லாம ஓட்டலாம்னு பார்த்தா, பக்கத்தில் பவர் சப்ளை இடிக்குது. அதுக்கும் மேல, கார்டோட தலையில் ஆறு முனை உள்ள ஒரு பவர் சாக்கெட். அதில் செருக வேண்டிய ஒயரே எங்க பெட்டியில் கிடையாது!

மறுநாள் திரும்பக் கடைக்கு. 'பாக்ஸைப் பிரிச்சுட்டீங்களே'ன்னாங்க. ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா ரெண்டாயிரம் ரூபாய் குறைச்சு எடுத்துக்கறோம்னாங்க. வேற வழி? ரெண்டாயிரம் போச்சு. ரெண்டு நாள் பஸ் காசும் போச்சு.

ராத்திரி வீட்டில் அத்தா ஒண்ணும் திட்டலை. கறி ஆணத்தோட சோறு போடச் சொல்லிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் தம்பி, ஆயிரத்தெட்டு ஆடு பாத்திருக்கேன், பல்லைப் பிடிச்சுப் பாக்காம ஒண்ணைக்கூட வாங்குனதில்ல. நீங்க பெட்டியைத் தொறந்துகூடப் பாக்காமலா போனீங்க?"

சோறு இறங்கலைங்க!

அன்னிக்கு ராத்திரியே இன்ச் டேப்பை எடுத்தோம். நீங்களும் எடுங்க. உங்க வீட்டிலும் இப்படி ஒரு ரெடிமேட் டெஸ்க்டாப் இருந்தா, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய பற்கள் மொத்தம் ஆறு.

முதல் பல்: பெட்டி எந்த ஜாதி?

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்னா பெட்டி பெருசா இருக்கும், பெரும்பாலான கார்டு உட்கார்ந்துடும். கம்பெனி பெட்டி அப்படி இல்லை. ஒரே மாடல் நம்பரிலேயே டவர், ஒல்லிப்பெட்டி, குட்டிப்பெட்டின்னு பல சைஸ் இருக்கும். ஒல்லிப்பெட்டியை 'ஸ்மால் ஃபார்ம் ஃபாக்டர்'னு சொல்வாங்க. மாப்ளயோடது அதுதான்.

டவரில் சாதாரண உயரக் கார்டு போகும். கார்டை மாட்டுற தகட்டோட உயரம் சுமார் 12 செ.மீ. ஒல்லிப்பெட்டிக்கு 'லோ புரொஃபைல்' கார்டு மட்டும்தான், தகடு சுமார் 8 செ.மீ. டிபன் பாக்ஸ் சைஸ் குட்டிப்பெட்டின்னா பொதுவா கார்டு மாட்ட ஸ்லாட்டே இருக்காது. ஆசையை அங்கேயே விட்டுடுங்க!

பெட்டியின் முதுகிலோ விலாவிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டெல்லில் அதுக்கு 'சர்வீஸ் டேக்'னு பேர், ஏழு எழுத்து. அதை அந்தக் கம்பெனியோட வெப்சைட்டில் தட்டினா, உங்க பெட்டியோட மொத்த ஜாதகமும் வந்துடும்.

ரெண்டாம் பல்: ஸ்லாட்டும் பக்கத்து வீட்டுக்காரரும்!

மதர்போர்டில் நீளமா இருக்கிற ஸ்லாட்தான் 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 16'. சில பெட்டிகளில் ஒரே நீளத்தில் ரெண்டு இருக்கும். அதில் ஒண்ணு வெறும் தோற்றத்துக்குத்தான் 16, உள்ளே கனெக்‌ஷன் 4 வழி மட்டும். மேனுவலைப் பார்த்து எது நிஜம்னு உறுதி செய்துக்கோங்க.

அடுத்தது, கார்டோட தடிமன். பல கார்டுகள் ரெண்டு ஸ்லாட் இடத்தை அடைச்சுக்கும். ஒல்லிப்பெட்டியில் ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை நின்னா, ஒரே ஸ்லாட் தடிமன் உள்ள கார்டுதான் இறங்கும். நீளத்தையும் அளங்க. பின்பக்கத் தகட்டிலிருந்து உள்ளே ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை எத்தனை செ.மீ.? ஒயர் வளைய ஒரு ரெண்டு செ.மீ. கழிச்சுக்கோங்க.

'பழைய ஸ்லாட்டில் புது கார்டு வேலை செய்யுமா?' செய்யும். தலைமுறை மாறினாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும், வேகம்தான் குறையும். ஆனா ஒரு எச்சரிக்கை. ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 மாதிரி சில கார்டு 4 வழி மட்டுமே பயன்படுத்தும். அதைப் பழைய ஸ்லாட்டில் போட்டா வேகம் அதிகமாவே அடிவாங்கும்.

மூணாம் பல்: கண்மாயில் தண்ணி எவ்வளவு?

இதான் ரொம்ப முக்கியம். கண்மாயில் இருக்கிற தண்ணிக்குத் தக்கபடிதான் வெள்ளாமைன்னு இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் கண்மாய், பவர் சப்ளை. அதோட உடம்பிலேயே ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. மாப்ளயோடது 255 வாட். அதே 9020-ல் டவர் பெட்டின்னா 290 வாட். அப்போதைய ஆஃபீஸ் பெட்டிகள் பலதும் இந்த வட்டாரம்தான்.

வெறும் மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறாதீங்க. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும். 12-ஆல் பெருக்குங்க. கார்டும் பிராசஸரும் முக்கியமா குடிக்கிறது அந்தத் தண்ணியைத்தான்.

இப்போ மடைக் கணக்கு. ஸ்லாட் மூலமா கார்டுக்குக் கிடைக்கிறது அதிகபட்சம் 75 வாட். அதுக்கு மேல வேணும்னா தனி ஒயர். ஆறு முனை ஒயர்னா இன்னொரு 75, எட்டு முனைன்னா 150. உங்க பவர் சப்ளையில் இந்த ஒயர் இல்லைன்னா, கார்டு 75 வாட்டுக்குள்ளேதான் இருக்கணும். 'அடாப்டர் போட்டுக்கலாம் பாஸ்'னு யாராவது சொன்னா, கண்மாய் சின்னதா இருக்கும்போது மடையை மட்டும் பெருசா வெட்டி என்ன பிரயோஜனம்னு திருப்பிக் கேளுங்க!

'பவர் சப்ளையையே மாத்திட்டா?' அங்கேதான் கம்பெனிப் பெட்டி காலை வாரும். கடையில் கிடைக்கிற சாதாரண பவர் சப்ளையோட மெயின் பிளக் 24 முனை. 9020-ல் அதே பிளக் 8 முனை! கன்வெர்ட்டர் ஒயர் கிடைக்கும்தான். ஆனா ஒல்லிப்பெட்டிக்குள் அந்தப் பெரிய பவர் சப்ளை நுழையவே நுழையாது.

நாலாம் பல்: பயாஸ்

பழைய மெஷினில் புது கார்டைப் போட்டதும் திரை கறுப்பாவே நிக்கிறது உண்டு. பயாஸ் பழசா இருக்கறது ஒரு காரணம். உங்க மாடலுக்கு வந்த கடைசி பயாஸைக் கம்பெனி சைட்டில் இறக்கி, கார்டு வாங்கறதுக்கு முன்னாடியே அப்டேட் பண்ணிடுங்க. யு.பி.எஸ். இல்லாம இந்த வேலையில் இறங்கவே கூடாது. பயாஸ் எழுதும்போது கரன்ட் போச்சுன்னா போர்டே போச்சு!

இன்டெல் ஆர்க் கார்டு மலிவா இருக்கேன்னு பார்க்கறீங்களா? அது ஒழுங்கா ஓட, போர்டில் 'ரீசைஸபிள் பார்'ங்கிற வசதி வேணும். இன்டெல்லே 10-ம் தலைமுறை அல்லது அதுக்கு மேல் உள்ள பிராசஸரைத்தான் சிபாரிசு செய்யுது. மாப்ளயோடது 4-ம் தலைமுறை. அதனால பட்டியலிலிருந்து அடிச்சாச்சு.

அஞ்சாம் பல்: மானிட்டர் எதைக் கேட்குது?

நிறைய பேர் கோட்டை விடற இடம் இது. மாப்ள வீட்டு மானிட்டரில் இருந்தது நீல நிற வி.ஜி.ஏ. பிளக் மட்டும். இப்போ வர்ற கார்டுகளில் வி.ஜி.ஏ. கிடையாது. எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட்தான். சில ஒல்லிக் கார்டுகளில் அதுக்கும் சின்னதா மினி டிஸ்ப்ளேபோர்ட். கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்கலைன்னா, இன்னொரு தடவை பஸ் ஏறணும்! மாட்டின பிறகு மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகுங்க, பழைய பழக்கத்தில் மதர்போர்டில் செருகிட்டு 'வேகமே கூடலையே'ன்னு அழாதீங்க.

ஆறாம் பல்: உங்க வேலை எதைக் கேட்குது?

இது கடைசியாச் சொன்னாலும், முதல்ல யோசிக்க வேண்டியது. உங்க வேலை பிரவுசிங், கோடிங், பவர்பாயின்ட்டுன்னா கார்டே வேண்டாம். அந்தக் காசில் எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ராமும் போடுங்க, மெஷின் மறுபிறவி எடுக்கும். 3டி, மெஷின் லேர்னிங்னா என்விடியாவோட 'கூடா' என்கிற ஏற்பாட்டை நம்பி ஓடற சாஃப்ட்வேர் நிறைய. (பேருதான் கூடா... அது இருந்தாத்தான் வேலையே கூடும்!)

கார்டோட வயசையும் பாருங்க. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 2016-ல் வந்தது. 75 வாட், நல்ல பேர். ஆனா அந்தத் தலைமுறைக்குப் புது டிரைவர் கொடுப்பதை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு. 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். டவர் பெட்டி வெச்சிருக்கறவங்க, தனி ஒயர் கேட்காத ஜி.டி.எக்ஸ். 1650 (அதே பேரில் ஆறு முனை கேட்கறதும் உண்டு, உஷார்!), இல்லாட்டி 2024-ல் வந்த 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. பக்கம் பார்க்கலாம்.

இன்னொண்ணு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சுது. 4-ம் தலைமுறை மெஷினுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. மாப்ள லினக்ஸுக்குத் தாவிட்டான். பிளெண்டர் அதிலும் ஜோரா ஓடுது.

மறுபடியும் பஸ்!

இந்தத் தடவை கையில் ஒரு துண்டுச் சீட்டு. 'லோ புரொஃபைல். ஒரே ஸ்லாட். தனி ஒயர் கூடாது. 75 வாட்டுக்குள். மானிட்டர் வி.ஜி.ஏ.' அவ்வளவுதான். அதைக் காட்டினதும் வேறொரு கடையில் இருந்த அண்ணன் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தது, என்விடியா டி600. ஆஃபீஸ் ஒர்க்ஸ்டேஷன்களுக்குன்னு 2021-ல் வந்த கார்டு. ஒரே ஸ்லாட், ஒல்லி, 4 ஜி.பி., வெறும் 40 வாட்! கேம் கார்டு மாதிரி பளபளப்பு இல்லை, கலர் லைட் இல்லை. நோஞ்சான் மாதிரி இருந்தது. ஆனா எங்க பெட்டிக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்தது.

அது செகண்ட்ஹேண்ட். அதனால அங்கேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னோம். நீங்களும் கூச்சப்படாம கேளுங்க. பழைய சிப்பை ஒளிச்சு வெச்சுப் புது பேர் போட்டு விக்கிற கார்டுகள் மார்க்கெட்டில் உண்டு. 'ஜி.பி.யு.-இசட்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர், பல போலிகளை முகத்துக்கு நேரே 'போலி'ன்னு காட்டிக் கொடுத்துடும். அதுபோக, எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு வெச்சுத் தோண்டற முறையைக் கைவிட்டதும், ராப்பகலா உழைச்ச கார்டுகள் உலகம் முழுக்க செகண்ட்ஹேண்டில் வந்து குவிஞ்சது. ஃபேன் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்க.

மினி டிஸ்ப்ளேபோர்ட் - வி.ஜி.ஏ. கன்வெர்ட்டரும் வாங்கியாச்சு. கணக்குப் பார்த்தோம். பிராசஸர் 84, கார்டு 40, மத்ததெல்லாம் சேர்த்துத் தாராளமா 50. மொத்தம் 174. கண்மாய் 255. கடைமடை வரை தண்ணி பாயும்!

வீட்டுக்கு வந்து மாட்டினோம். அதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ளிருந்து எடுத்த தூசியில் ஒரு செடி நடலாம். இந்தப் பக்கத்து வெயிலுக்கும் புழுதிக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஃபேனைச் சுத்தம் பண்றது கட்டாயம். பெட்டியைத் தரையில் வைக்காதீங்க, சுவரோட ஒட்டியும் வைக்காதீங்க.

ஸ்விட்சைத் தட்டினோம். திரை வந்தது. ஒரு ஃப்ரேமுக்கு 15 நிமிஷம் எடுத்த வேலை, 3 நிமிஷம் ஆச்சு! 120 மணி நேரம், 24 மணி நேரமாச் சுருங்கிடுச்சு. மறுநாள் ராத்திரி 480 ஃப்ரேமும் ரெடி. அத்தாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஓட்டிக் காட்டினோம். வெடிச்ச மண்... முதல் தண்ணி... கரை வரை அலை!

அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "எல்லாஞ் சரி தம்பி. கம்மா நெறைஞ்சா மறுகால் பாயணும்ல? அதைக் காணமே?"ன்னார்.

மாப்ள என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பழைய மெஷினா இருந்தா, 'பரவாயில்லத்தா, போதும்'னு சொல்லியிருப்போம். இப்போ அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இருங்கத்தா, காலைல பாயும்!"

பாய்ஞ்சதுங்க! அந்த மறுகால் காட்சிக்குத்தான் காலேஜில் கைத்தட்டல் அதிகம்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்தவன் வெச்சிருக்கிற கார்டைப் பார்த்து ஏங்காதீங்க. உங்க பெட்டியைத் திறங்க. அளந்து ஒரு சீட்டில் எழுதுங்க. அதுக்கப்புறம் பஸ் ஏறுங்க. வீரசோழன் பக்கம் போனா சந்தையில் அரை மணி நேரம் நிக்க மறந்துடாதீங்க. பல் பார்க்கிற பாடம் அங்கே ஃப்ரீ!